கடலுக்கு முதுகு காட்டிய துரை

அன்று காலை அங்கே இருந்தவர்கள் இவர்கள்.

கப்பல் துரை. உயிரோடு இல்லை. வெண்கலத்தில் இருந்தார். மரப்பெட்டிக்குள், தலை முதல் கணுக்கால் வரை கித்தான் துணியில் வைத்துத் தைக்கப்பட்டிருந்தார்.

இஞ்சினியர் துரை. உயிரோடு இருந்தார். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர். துரை பேசுவதை எங்களுக்குத் தமிழில் சொல்வார். கையில் குடை.

சீனத் தச்சர். சிலைத் திறப்புக்கு மேடை கட்ட வந்தவர். வாயில் எப்போதும் இரண்டு ஆணி இருக்கும்.

என் மச்சான். மனைவியின் அண்ணன். இரண்டு பேரும் ஒரே கப்பலில் வந்தோம். அதனால் வா, போ என்றுதான் பேச்சு.

கூலிகள் ஐந்து பேர்.

கடைசியாக நான். அன்றைக்கு நான்தான் மண்டோர், அதாவது கூட்டத்துக்கு மேலாள். பழைய மண்டோர் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அவர் இடத்தில் என்னை நிறுத்திப் பார்த்தார்கள். நின்றேன். நிற்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நாங்கள் ரயில் பாதைக் கூலிகள். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் லயத்தில், கூலிகளுக்குக் கட்டின வரிசை வீட்டில் இருந்தோம். கனமான பொருள் எங்கே இறங்கினாலும் எங்களைத்தான் ரயிலேற்றி அனுப்புவார்கள். அந்தத் தடவை கிள்ளான் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள்.

கப்பல் துரை யார் என்று கிராணி சொன்னார். கடற்படையில் அதிகாரியாக இருந்தவராம். ஆறு கடலில் சேருகிற இடத்தில் மண்திட்டுகளை அளந்து, கப்பல் தட்டாமல் வர வழி குறித்தவராம். நான் வந்த கப்பல் தட்டவில்லை. அதனால் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையைக் காட்டப் போய்த்தான் இவ்வளவும்.

புறப்படுவதற்கு முன்பு இஞ்சினியர் துரை ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். சிலையை ஒழுங்காக நிறுத்திவிட்டால் மண்டோர் வேலையை என் பேரில் எழுதிவிடுவார். மண்டோருக்குச் செங்கல் வீடு உண்டு. இரண்டு அறை, வாசலிலேயே குழாய். எங்கள் லயத்தில் ஒரே அறை. மழை வந்தால் மூன்று இடத்தில் ஒழுகும். மூன்றாவது இடத்துக்கு வைக்கச் சட்டி கிடையாது.

மனைவியிடம் சொன்னேன்.

"நிச்சயமா கெடைக்குமா?" என்றாள்.

"நாலு நாள்ல சாமானைக் கட்டு" என்றேன்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. பேசின ஒரு நாளும் இப்படிப் பேசினேன்.

பெட்டியைப் பிரித்தோம். இஞ்சினியர் துரை நாலாய் மடித்த கடுதாசி ஒன்றை என் கையில் வைத்து ஏதோ சொன்னார். கிராணி சொன்னார்: "எல்லாம் அதில கிடக்குதாம். பாத்துச் செய்யட்டாம். துணியை மட்டும் பிரிக்கக் கூடாது, விளங்குதோ? திறப்பு அண்டைக்குத்தான் முகம் தெரியவேணும்."

"சரிங்கய்யா."

துரையைக் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிராணி போய்விட்டார். திறப்பு நாள் வரைக்கும் துரை கட்டிலை விட்டு எழவில்லை.

எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். இங்கிலீஷ் வராது. கூட்டத்துக்கு முன்னால் கடுதாசியைப் பிரித்து, தலைகீழாகப் பிடித்துவிட்டால் என் கதி என்ன? பிரிக்கவில்லை. வேட்டி மடிப்பில் செருகினேன். செருகும்போது எல்லாம் தெரிந்தவன் மாதிரி ஒரு தடவை தலையை ஆட்டிக்கொண்டேன்.

மச்சான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிரிச்சுப் பாரு மாப்ளே."

"என்ன இருக்கப் போவுது. கல்லுல நாலு ஓட்ட. செல அடியில நாலு முள. எறக்குனா உக்காரும்."

"எந்தப் பக்கம் பாக்கணும்னு போட்டிருக்குமே."

"நான் சாமியே வச்சவன் மச்சான்."

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதை ஓரம் நாங்கள் ஒரு சின்னக் கோயில் எழுப்பினோம். அந்தக் கல்லைத் தூக்கினவர்களில் நான் ஒருவன். இடது பக்கம், பின்னால். எந்தத் திசை என்று பார்த்ததும், அடியில் என்ன போடுவது என்று சொன்னதும், மந்திரம் சொல்லி அமர்த்தினதும் பூசாரி. நான் தூக்கினேன். தூக்கினதற்கும் வைத்ததற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போது தெரியவில்லை.

ஆனாலும் சாமி கிழக்கே பார்த்தது என்பது நினைவில் இருந்தது. நிற்க வைத்துக் கும்பிடுகிற எதுவும் கிழக்கே பார்க்கும். இதில் கடுதாசிக்கு என்ன வேலை?

மூன்று மரம் சேர்த்து முக்காலி நட்டு, கப்பி மாட்டி, சங்கிலியில் சிலையைத் தூக்கினோம். துணிக்குக் கீழே பூட்ஸ் முனை தெரிந்தது. முனையைக் கிழக்கே திருப்பினேன். இறக்குவதற்கு முன்னால் கையைத் தூக்கி நிறுத்தினேன்.

"என்னா?" என்றான் மச்சான்.

நான் மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். கிள்ளான் கடைத்தெருவில் காலையிலேயே வாங்கியிருந்தேன். நவதானியம். கல்லின் நடுவில் கிண்ணம் போல ஒரு குழிவு இருந்தது. பூசாரி போட்டது மாதிரியே அதில் கொட்டினேன். மேலே ஒரு செப்புக் காசு வைத்தேன்.

"வெள்ளக்காரருக்கா?" என்றான் மச்சான்.

"யாரா இருந்தா என்ன. நிக்கப் போறவரு."

கூலிகள் ஐந்து பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெரிதானது.

சிலை இறங்கியது. நாலு முளையும் நாலு ஓட்டையில் அடங்கின. ஈயம் காய்ச்சி ஊற்றினோம். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. மறுநாள் முக்காலியையும் கப்பியையும் சரக்கு ரயிலில் கோலாலம்பூருக்கு அனுப்பிவிட்டேன். திறமையான மண்டோர் சாமானைச் சும்மா போட்டுவைக்க மாட்டான்.

இரண்டு நாள் மழை. நாங்கள் கொட்டகையில் இருந்தபடி, விட்ட நேரத்தில் தரையைச் சமன் செய்தோம். மூன்றாம் நாள் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலில் வந்த தெரிந்தவர் ஒருவர் மனைவி சொல்லி அனுப்பியதைச் சொன்னார். அவள் சித்தப்பா மகளும் புருஷனும் பிள்ளைகளோடு கப்பலில் வந்து இறங்கியிருக்கிறார்கள். எங்கள் அறையை அவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. சாமான் வெளித் தாழ்வாரத்தில் கட்டி வைத்திருக்கிறது. செங்கல் வீட்டுச் சாவியோடு வரவும்.

"சாவியோடதானே வருவேன்" என்றேன்.

நாலாம் நாள் சாயங்காலம் திறப்பு. காலையில் சீனத் தச்சர் மேடையில் கடைசிப் பலகையை அடித்துக்கொண்டிருந்தார். மேடை கடல் பக்கம் இருந்தது. நாற்காலிகளும் அந்தப் பக்கம்தான். நான் இரண்டு நாளாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெள்ளைக்காரர்கள் காற்று வாங்க உட்காருவார்கள் என்று நினைத்தேன்.

தச்சர் ஏதோ கயிறு கட்டக் குனிந்தவர் அப்படியே நின்றார். துணியின் கீழ் ஓரத்தை ஒரு விரலால் தூக்கினார். வாயிலிருந்த ஆணியை எடுத்தார். அவர் ஆணியை எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மண்டோர்," என்றார். "துவான் பூஞா பந்தாட் சினி லா."

துரையின் பின்புறம் இந்தப் பக்கம் இருக்கிறதாம்.

நான் போய்ப் பார்த்தேன். பூட்ஸ் குதிகால் இரண்டும் நாற்காலிகளைப் பார்த்தபடி ஒழுங்காக இருந்தன.

"மேடைய அந்தப் பக்கம் மாத்திடுங்க" என்று மலாயில் சொன்னேன்.

அவர் கிழக்கே கை காட்டினார். அந்தப் பக்கம் பத்தடிக்கு மேல் இடமில்லை. அப்புறம் சாக்கடை. சாக்கடைக்கு அப்பால் தண்டவாளம். தண்டவாளத்துக்கு அப்பால் கள்ளுக்கடை. பிறகு தன் சட்டைப் பையிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்து விரித்துக் காட்டினார். எனக்குக் கொடுத்தது போலவே இன்னொன்று.

"இங்கிலீஷ் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தியாடா" என்றார். தெரியாது. படத்தை விரலால் தட்டினார்.

மச்சான் பின்னால் வந்து நின்றான். "மாப்ளே, இடுப்புல உள்ளத எடு."

எடுத்தேன். நாலு நாள் வேர்வையில் ஊறி, வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டு, மடிப்பில் கிழிந்திருந்தது. பிரித்தேன். நடுவில் ஒரு சின்ன மனிதன் வரைந்திருந்தது. அவன் நெஞ்சிலிருந்து ஓர் அம்பு புறப்பட்டது. அம்பு போய்ச் சேருகிற இடத்தில் அலை போட்டிருந்தது. ஒன்றல்ல. மூன்று வரிசை அலை. படிக்கத் தெரியாதவனுக்கும் அலை தெரியும்.

"கடலை அளந்த தொரைய கள்ளுக்கடையப் பாக்க நிறுத்திப்புட்டியே மாப்ளே," என்றான் மச்சான். "பாவம், ஒரு கோப்பையாச்சும் வாங்கிக் குடுத்திருக்கலாம்."

கூலிகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு வெளித் தாழ்வாரத்தில் கட்டிவைத்த சாமான் கண்ணில் நின்றது. லயத்து அறை போய்விட்டது. செங்கல் வீடு இன்னும் வரவில்லை. சாயங்காலம் துணியை இழுத்தால் நாட்டிலுள்ள பெரிய துரைகள் எல்லாம் உட்கார்ந்து ஒரு துரையின் கோட்டு வாலைப் பார்ப்பார்கள். அதோடு நானும் தாழ்வாரத்தில்.

"திருப்பிடுவோம்" என்றேன்.

"எதால? முக்காலிய அனுப்பிட்டியே."

ஆமாம். திறமையான மண்டோர்.

நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அங்கே தண்டவாளம் தூக்குகிற ஜாக்கி இரண்டு இருந்தது. அங்குள்ள பாதைக் கூட்டத்து மண்டோரிடம் கேட்டேன்.

"என்னாத்துக்கு?" என்றார்.

"செல திரும்பி நிக்குது."

"தானா திரும்புச்சா?"

"நான் வச்சேன்."

ஜாக்கியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தன் ஆட்களையும் கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். உதவிக்கு என்று நினைத்தேன். வேடிக்கை பார்க்க. வரிசையாகக் குந்திக்கொண்டார்கள்.

ஊற்றின ஈயத்தை உளியால் கொத்தி எடுக்கவே நேரம் போய்விட்டது. நாலு ஓட்டை. நன்றாக ஊற்றியிருந்தேன். இவ்வளவு நன்றாக எதையும் நான் செய்ததில்லை. ஒவ்வொரு கொத்துக்கும் என்னையே திட்டிக்கொண்டேன்.

பிறகு இரண்டு பக்கமும் ஜாக்கி கொடுத்து, விரல் விரலாக ஏற்றி, கட்டை சொருகி, முளை வெளியே வரும்வரை தூக்கினோம். சிலையும் கல்லும் பிரிந்த இடத்தில் மச்சான் குனிந்து எட்டிப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. அவன் முதுகு குலுங்கியது.

"என்னா?" என்றேன்.

"மாப்ளே, தொரைக்கு மொளப்பாரி போட்டிருக்க."

பார்த்தேன். இரண்டு நாள் மழை குழிவுக்குள் இறங்கியிருந்தது. பாசிப்பயறும் மொச்சையும் வெள்ளை வெளேரென்று தழைத்து, வெளிச்சம் தேடி விரல் நீளத்துக்கு நீண்டிருந்தன. நடுவில் என் செப்புக் காசு. குந்தியிருந்த கூட்டத்தில் ஒருவர் குலவை போட்டார்.

நான் முளைத்த பயறை அள்ளி எறிந்தேன். காசை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தச்சர் இரண்டு வழவழப்பான பலகை கொண்டுவந்து கொடுத்தார். பலகைமேல் சவுக்காரம் தேய்த்துத் தண்ணீர் விட்டோம். சிலையைப் பலகைமேல் இறக்கி, இடுப்பில் கயிறு கட்டி, ஐந்து பேர் இழுக்க, நான் கப்பல் துரையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துத் தள்ளினேன். துணிக்குள் அவர் கக்கத்தில் இடுக்கியிருந்த தூரக்கண்ணாடி என் விலாவில் குத்தியது. அவருக்கும் கோபம் இருக்கும்.

"மெல்ல மாப்ளே," என்றான் மச்சான். "ஊரு பாக்குது."

கள்ளுக்கடையிலிருந்து ஆற்றுக்குத் திரும்பினார். ஆற்றிலிருந்து கடலுக்குத் திரும்பினார். திரும்ப ஜாக்கி வைத்துப் பலகையை உருவி, முளைகளை ஓட்டையில் இறக்கி, அதே ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினோம். இந்தத் தடவை அடியில் ஒன்றும் போடவில்லை.

முடித்துக் கையைத் துடைத்தபோது முதல் மோட்டார் வண்டி வந்துவிட்டது.

திறப்பு நன்றாக நடந்தது. பாண்டு வாசித்தார்கள். ஒரு பெரிய துரை வெகுநேரம் பேசினார். துணியை இழுத்தார்கள். கப்பல் துரையின் முகத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். நல்ல முகம். கொஞ்சம் களைத்த மாதிரி இருந்தது. கடலைப் பார்த்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கு மட்டும் கை எரிந்தது.

இஞ்சினியர் துரையும் வந்திருந்தார். காய்ச்சல் பாதி விட்டிருந்தது. கூட்டம் கலைந்ததும் கிராணியோடு எங்களிடம் வந்தார். சிலையைச் சுற்றி நடந்தார். கல்லைத் தட்டினார். தலையை ஆட்டினார்.

"துரைக்கு நல்ல சந்தோசம்," என்றார் கிராணி. "நாளைக்கு உம்முடைய பேரை மண்டோராப் பதியச் சொல்லுறார்."

மச்சான் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். எனக்குக் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

அப்போது துரை குனிந்தார். சிலையின் குதிகாலுக்குக் கீழே, கல் விளிம்பில் எதையோ இரண்டு விரலால் கிள்ளி எடுத்தார். ஒரு முளைப்பயறு. வாடவில்லை. கிராணியிடம் காட்டி ஏதோ கேட்டார்.

"இது என்னெண்டு கேக்கிறார்."

"பயறுங்கய்யா."

"இஞ்ச எப்படி வந்தது?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. ஆனால் பொய்க்கு நிறைய வார்த்தை வேண்டும். பறவை போட்டது என்று ஆரம்பித்தால் எந்தப் பறவை என்று போகும். என்னிடம் அவ்வளவு சரக்கு கிடையாது.

"நான் போட்டேன். தொரைய கெழக்கால வச்சேன். இன்னைக்குக் காலையில திருப்புனேன்."

"அப்ப கடுதாசி?"

"இன்னைக்குத்தான் பிரிச்சேன்."

கிராணி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இங்கிலீஷில் சொன்னார். துரை சிரித்தார். சிரித்து, இருமி, கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர். பிறகு ஒன்று கேட்டார்.

"கடுதாசியைப் பாக்கச் சொல்லி உமக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"எம்மச்சான் சொன்னான்."

"எப்ப?"

"மொதல் நாளே."

துரை மச்சானைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசினார். கிராணி குடையை ஊன்றிக்கொண்டு எங்களுக்குச் சொன்னார். சிலை நன்றாக நிற்கிறதாம். அதில் துரைக்கு ஒரு குறையும் இல்லையாம். ஆனால் மண்டோர் வேலைக்குக் கடுதாசியைப் பார்க்கிற ஆள் வேண்டுமாம். நாளை முதல் என் மச்சான்தான் மண்டோர்.

மச்சான் பதறிப்போனான். "ஐயா, எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க."

"படம் பாக்கத் தெரியும்தானே?" என்றார் கிராணி.

திரும்புகிற ரயிலில் ஏறினோம். காடும் தோட்டமும் தாண்டி ஊர் நெருங்கியதும் மச்சான் தொண்டையைக் கனைத்தான்.

"நான் ஒண்டிக்கட்ட. எனக்கெதுக்கு ரெண்டு ரூம்பு. வந்துருங்க மாப்ளே. சாமானெல்லாம் வெளிய கெடக்கு."

வா, போ என்று பேசுகிறவன் அன்றைக்கு வந்துருங்க என்றான். கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மனைவி தாழ்வாரத்தில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவள் சித்தப்பா மகளின் பிள்ளைகள் எங்கள் பாயில் உருண்டார்கள்.

"வீடு கெடைச்சுதா?" என்றாள்.

"கெடைச்சுது."

"ரெண்டு ரூம்பா?"

"ரெண்டு."

"கொழா?"

"வாசல்லயே."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஒங்க அண்ணன் வீடு."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் தண்டவாளத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தாள். நான் பார்க்க ஒன்றுமில்லை. பிறகு சட்டி மூட்டையைத் தூக்கி என் தலையில் வைத்தாள்.

"யார் வீடா இருந்தா என்னங்க. ஒழுகாதுல்ல. நடங்க."

பெண்டாட்டியின் அண்ணன் வீட்டில் குடியிருக்கிற ஆணைப் பற்றி நம் ஆட்கள் என்ன பேசுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நானும் அப்படிப் பேசினவன்தான். இரண்டு மாதம் என்று நினைத்துப் போனேன். மச்சானுக்குக் கல்யாணம் ஆனது. அவன் மனைவி வந்தாள். என்னை அண்ணே என்று கூப்பிட்டு முதல் சோறு எனக்குத்தான் போடுவாள். மச்சான் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஆபீஸிலிருந்து கடுதாசி வந்தால் மட்டும் பிரிக்காமல் என்னிடம் நீட்டுவான்.

"மாப்ளே, நீங்க மொதல்ல பிரிச்சுப் பாத்துருங்க."

பிரித்துப் பார்ப்பேன். அலை இருக்கிறதா என்று தேடுவேன். திருப்பிக் கொடுப்பேன். அவன் சிரிக்க மாட்டான். உள்ளே அவன் தங்கை சிரிப்பாள்.

வேலையாகத் துறைமுகம் போனால் கப்பல் துரையைப் பார்த்துவிட்டு வருவேன். கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அசைந்ததில்லை. நன்றாக ஊற்றியிருக்கிறேன். அந்தச் செப்புக் காசு இன்னும் என்னிடம் இருக்கிறது.

மச்சான் வீட்டில் நான் குடியிருந்த வருஷம் பதினொன்று.